இடிமழையிரவும் செய்நிரல் சோதனையும்

1988ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மேடிசன் நகரில் இடியும் மழையுமான ஓரிரவு. விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர், தம் இல்லத்திலிருந்து தொலைபேசி வழியே பல்கலைக்கழகக் கணனியை இயக்கிக் கொண்டிருந்தார். புயலின் இரைச்சல் கம்பியிற் புகுந்து, அவர் தட்டிய எழுத்துக்களோடு பொருளற்ற குறிகளையும் கலந்தது. செய்நிரல்கள் சில நிலைகுலைந்து வீழ்ந்தன.

இரைச்சல் அவருக்குப் புதிதன்று, வீழ்ச்சியே வியப்பளித்தது. பிழையான தரவு வந்தால், ‘இஃது ஏற்கத்தக்கதன்று’ என்று அறிவித்து அமைவதன்றோ நல்ல செய்நிரலுக்கு அழகு?

மாணவரைக் கொண்டு, தாறுமாறான எழுத்துக்களைப் பொழியும் சோதனைக் கருவியொன்றை ஆக்குவித்தார். யூனிக்ஸ் துணைச் செய்நிரல்கள் ஏறத்தாழ 90 சோதிக்கப்பட்டன. 1990இல் வெளியான முடிவின்படி, ஆராய்ந்த எப்பதிப்பிலும் நான்கிலொன்றேனும் வீழ்ந்தது, சிலவற்றில் மூன்றிலொன்று! காரணங்களோ மிக எளியவை: ஒதுக்கிய இடத்தின் எல்லையைப் பாராது எழுதியமை, திரும்பிவந்த விடையைச் சோதியாது விட்டமை போன்றவை.

கருவியும் பிழைப் பட்டியலும் எவர்க்கும் இலவசமாகவே அளிக்கப்பட்டன. எனினும், 1995இல் மீண்டும் ஆராய்ந்தபோது, பழைய பிழைகளுட் பல திருத்தப்படாமலே கிடந்தன.