சித்தேரி மலைவாழ்வும் ஐக்கிய முயற்சியும்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



நான்கு புறமும் நீர் சூழ்ந்த நிலம் தீவு என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்ததே. நீர் சூழாத தீவும் உண்டு. கல்வராயன் மலைக்கும் சேர்வராயன் மலைக்கும் இடையே, தருமபுரி ஜில்லாவிலுள்ள சித்தேரி மலை அத்தகையது. அந்தப் பிரதேசம் 1965-ம் வருஷம் வரையில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அங்கு வசிப்போர் மலையாளிகள் என்னும் மலைவாசிகள். பெயர் அவ்வாறிருப்பினும் அவர்களுடைய பாஷை தமிழே. தங்கள் முன்னோர் காஞ்சீபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் ஐதிகம்.

ஒரு நாள் வந்து செல்லும் பிரயாணிக்கு மலைக்காற்றும் வனத்தின் அமைதியும் பேரின்பம். ஆனால் அங்கேயே குடியிருப்பவனுக்கு அந்த அமைதி இனாமாகக் கிடைப்பதன்று. உப்பு வாங்குவதற்கும், நோயாளியை வைத்தியரிடம் கொண்டுசெல்வதற்கும், விளைந்ததை விற்பதற்கும் அவன் மலையிறங்க வேண்டும். யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவார் குறிகட்டுவான் துறைக்குப் படகேறி வருகிறார்கள். அவர்களுக்குப் படகு எப்படியோ, மலைவாசிக்குப் பாதையும் வண்டியும் அப்படியே.

மலையில் சாமை விளைகிறது. புளியும் தேனும் கிடைக்கின்றன. சாமை அதிக மழையையோ நல்ல மண்ணையோ வேண்டாத தானியம். 2023-ம் வருஷத்தை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது உலகமே அதன் பெருமையைப் பேசிற்று. ஆயினும் உமி நீக்காத சாமைக்கும் அரிசியாக்கிய சாமைக்கும் விலையில் உள்ள பேதத்தைப் பெறுவது யார்? கொட்டையோடு விற்ற புளியைக் கொட்டை நீக்கி விற்று லாபமடைவது யார்? அவசரத்துக்கு முன்பணம் வாங்கியவன், அறுவடைக்கு முன்பே தன் விலையை இழந்துவிடுகிறான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு வண்டிக்கு வாடகை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் ஒரு மூட்டையை ஏற்றினால் அம்மூட்டையின் மேல் 1,000 ரூபாய் விழும். இருபது பேர் சேர்ந்து இருபது மூட்டை ஏற்றினால், மூட்டைக்கு 50 ரூபாயே ஆகும். பாதை குறையவில்லை, பாரம் பங்கிடப்பட்டது. ஐக்கியம் என்பதன் தாத்பரியம் இதுவே.

இதற்கென்றே மலைவாசிகளுக்காகப் பெரும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்பட்டன. 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம், பரம்பரையாகச் சேகரித்துவரும் சிறு வனப் பொருள்களின்மீது அவர்களுக்கு உரிமை அளித்தது. 2013-14-ல் வந்த மத்திய சர்க்கார் திட்டம், வனத்தில் சேகரித்த புளி, தேன், கடுக்காய் முதலியவற்றிற்குக் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு வழிசெய்தது.

சட்டம் தானாக மலையேறி வந்து தராசு பிடிக்காது. அங்கத்தினர்கள் மகாசபைக்குத் தவறாமல் வர வேண்டும். எடையையும் கணக்கையும் கேட்டறிய வேண்டும். வாங்கிய கடனைத் தவணையில் செலுத்த வேண்டும். பெண்கள் பெரும்பாடுபட்டுக் குத்தி உமி நீக்கும் சாமைக்குச் சங்கமே ஓர் இயந்திரம் வைத்தால், உழைப்பும் மிஞ்சும். விலையும் ஊரிலேயே தங்கும்.

பிழைப்புக்காக இளைஞர் மலையிறங்கிப் போய்விட்டால், அழகிய மலை நிற்கும், குடிகள் இரார். அழகு அன்னமிடாது. அன்னத்துக்கு வழி செய்தால் அழகும் நிலைக்கும், அமைதியும் நிலைக்கும்.