ஆவன செய்வது யார்?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



'விழாவில் பேச வேண்டும், ஆவன செய்க' என்று செயலாளர் எழுதியிருந்தார். 34 வருஷம் ஆபீஸில் குப்பை கொட்டியவனுக்கு அந்த இரண்டு வார்த்தையைக் கண்டாலே ஒரு நடுக்கம். அதைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

'டூ தி நீட்ஃபுல்' என்ற ஆங்கிலத் தொடர் 18ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் வழங்கியது. இன்று அங்கே அது அருகிப்போன பழைய வழக்கு. நாமோ விடவில்லை. 1956இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்து கோப்புகள் தமிழுக்கு மாற மாற, அந்த இடத்தில் 'ஆவன செய்க' வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது மின்னஞ்சலிலும் இரண்டும் நடமாடுகின்றன. ஆங்கிலப் பேச்சுவழக்கில் 'தி நீட்ஃபுல்' என்றால் பணம் என்றும் ஒரு பொருள் உண்டு. நீங்கள் சிரிப்பதைப் பார்த்தால், நம்ம ஊரிலும் அந்தப் பொருள் தெரியும் போலிருக்கிறது!

1979. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. இறந்துபோன காவலாளி ஒருவரின் மனைவி குடும்ப ஓய்வூதியம் கேட்டு மனுக் கொடுத்திருந்தார். அதிகாரி 'டூ தி நீட்ஃபுல்' என்று எழுதினார். கண்காணிப்பாளர் அப்படியே கீழே தள்ளினார். நானும் 'ஆவன செய்க' என்று எழுதிப் பக்கத்துப் பிரிவுக்கு அனுப்பிவிட்டேன். பதினான்கு மாதம் கழித்து அந்த அம்மா என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, எல்லாரும் ஆவன செய்யச் சொல்லி எழுதியிருக்காங்களாமே, அதை யாருப்பா செய்யணும்?"

கோப்பை வாங்கிப் பார்த்தேன். பணிப்பதிவேட்டின் ஒரு பக்கத்துக்கு நகல் வேண்டும், அவ்வளவுதான். அரை நாளில் முடிந்தது. ஆனால் அதற்குள் மூத்த பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, சைக்கிள் கடையில் விட்டிருந்தார்.

அன்றைக்குத்தான் நம் தமிழ் வகுப்பு எனக்கு உறைத்தது. 'செய்க' என்பது வியங்கோள் வினைமுற்று. ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்று ஐயா நடத்தினாரே! எல்லாருக்கும் பொது என்றால் ஆபீஸில் யாருக்கும் சொந்தமில்லை. எழுவாய் தோன்றா எழுவாய். எங்கள் ஆபீஸில் அது கடைசிவரை தோன்றவே இல்லை!

தொடரைத் திட்டவில்லை. செய்ய வேண்டியது இன்னதென்று இருவருக்கும் தெரிந்திருந்தால் அது மரியாதையான சொல். தெரியாதபோது அது பொறுப்பைத் தட்டிவிடும் சொல். அதன் பிறகு நான் எழுதிய குறிப்புகளில் மூன்று இருக்கும்: யார், எதை, எந்தத் தேதிக்குள்.

நம் சங்கத்தின் ஏழை மாணவர் நிதிக்கும் 'ஆவன செய்வது' என்று தீர்மானம் போட வேண்டாம். பெயரும் தொகையும் தேதியும் எழுதுங்கள். முதல் பெயர் என்னுடையது: பத்தாயிரம் ரூபாய், இந்த மாதக் கடைசிக்குள்.