ஆற்றங்கரைக் குடியகமும் ஊரிசையும்

 

இராசபாளையத்தையும் திருவில்லிபுத்தூரையும் இணைக்கும் சாலையில் உண்பதற்குக் குறைவில்லை. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. (அப்பெயரில் பால் மட்டுமே தமிழ், கோவா வடபுலத்து வரவு. திரட்டுப்பால் என்னும் நற்சொல் வீடுதோறும் வழங்க, கடைப்பலகையில் மட்டும் அஃது ஏறவில்லை.) உணவு ஊருடையது. அதனை உண்ணும் இடத்தில் ஒலிக்கும் பாட்டு எவருடையது? ஒலிபெருக்கி உமிழும் திரைப்பாட்டு! தென்பாண்டி நாட்டு வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் கோயிற்கொடைக்கு மட்டும் அழைக்கப்பெற்று, மறுநாட் காலையில் மூட்டை கட்டப்பெறுகின்றன.

கடல்கடந்து அயர்லாந்தின் மேலைக் கரைக்குச் செல்வோம். கிளேர் மாவட்டத்தில் தூலின் என்பது ஒரு மீனவச் சிற்றூர். அதனூடே ஓடிக் கடலில் விழும் சிற்றாற்றின் அருகே, 1832இல் தொடங்கியதாகக் கூறப்படும் ஓகானர் குடியகம் உள்ளது. ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் இட்டு நெடுநேரம் வெந்த குழம்பு, கரையோரத்துச் சிப்பி, மோர் விட்டுப் பிசைந்து சுட்ட பழுப்பு ரொட்டி. இவை அந்நாட்டுக் குடியகங்களில் கிடைக்கும் உணவு. மேடையில்லை, ஒலிபெருக்கியின் ஆரவாரமில்லை. மூலை மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்வர். ஒருவர் வில்யாழ் இழைப்பார். ஒருவர் தகரக்குழல் ஊதுவார். ஒருவர் ஆட்டுத்தோல் போர்த்த வட்டப்பறையைச் சிறுகோலால் முழக்குவார். அப்பறையைக் கண்ட தமிழன் தன் தப்பினை நினையாதிருத்தல் அரிது. ஏடு பாராமல், செவிவழி கேட்டே இளையோர் பயில்வர். அவ்வூர் இரசல் குடும்பத்து உடன்பிறந்தார் மூவரும் இங்ஙனம் இசைத்தோரே. அவருள் உழவராய் வாழ்ந்த ஒருவர் 1973இல் அனைத்து அயர்லாந்துப் போட்டியில் தகரக்குழலுக்கு முதற்பரிசில் பெற்றார்.

இஃது ஏதோ பழங்காலந்தொட்டு அறாது வந்த வழக்கு என்று எண்ணற்க. அயர்லாந்தில் ஊரிசை வாழ்ந்த இடம் வீட்டுக்கூடமும் நாற்சந்தியுமே. 1935ஆம் ஆண்டுச் சட்டம் பொது ஆடலுக்கு உரிமம் வேண்டும் என்றது; கூடங்களின் ஆட்டபாட்டம் ஒடுங்கியது. பின்னர், பிழைப்புத் தேடி இலண்டன் சென்று கட்டடக் கூலிகளாய் உழைத்த ஐரியரே, 1940களின் பிற்பகுதியில் கேம்டன் டவுன் பகுதிக் குடியகங்களில் மாலைதோறும் கூடித் தம் ஊர்ப்பண்களை இசைக்கலாயினர். 1951இல் முல்லிங்கார் நகரில் நாட்டிசைக்கெனக் கழகம் கண்டு விழாவும் எடுத்தனர். அதன்பின் தாயகத்துக் குடியகங்களிலும் அவ்வழக்கு வேரூன்றியது. இன்று தொன்மையெனப் போற்றப்படுவது ஒரு தலைமுறையின் உழைப்பால் எழுந்ததே!

மது நன்றென்று இங்கு எவரும் கூறவில்லை. அதியமான் கள்ளையும் சோற்றையும் பாட்டையும் ஒருங்கே பகிர்ந்தான் என்பதற்குப் புறநானூறு சான்று. 2003 முதல் தமிழ்நாட்டில் அரசே சில்லறையாய் விற்கும் மதுக்கடையிலோ கள்ளும் இல்லை, பாட்டும் இல்லை. குடிகேடு ஒன்றே எஞ்சியது. ஐரியரிடமிருந்து கொள்ளத்தக்கது கோப்பையன்று. அதன் அருகிலுள்ள மேசை.

அவரிடம் அஞ்சத்தக்கதும் ஒன்றுண்டு. யாழையே அரசின் அடையாளமாகக் கொண்ட நாடு அது. தமிழர்க்கோ யாழின் இலக்கணத்தை மீட்க விபுலானந்த அடிகள் நெடிதுழைத்து 1947இல் யாழ்நூல் வெளியிட வேண்டியிருந்தது. அவ்வகையில் ஐரியர் நற்பேற்றினர். ஆயினும் 1893இல் மொழிக்கழகம் கண்டும், 1937 அரசமைப்பில் ஐரிய மொழியை முதல் ஆட்சிமொழி ஆக்கியும், பெரும்பாலோர் வீட்டிலும் கடையிலும் பேசுவது ஆங்கிலமே. குழலோசை பிழைத்தது, அதனருகே அமர்ந்தோர் நாவில் தாய்மொழி இல்லை. தமிழர்க்கு இன்று நிலை தலைகீழ்: நாவில் மொழி உண்டு, ஊரிசைக்கு இருக்கை இல்லை.

இராசபாளையத்து உணவகத்தார் ஒருவர் ஞாயிறு மாலையில் ஒரு மூலையை ஒழித்துத் தரட்டும். ஒரு விசிப்பலகை, ஒரு வில், ஒரு குடம், ஒரு தப்பு. பாடுவோர்க்கு இரவுச் சோறும் வழிச்செலவும் போதும். பலகையில் உணவின் பெயர்கள் தமிழில் இருக்கட்டும். ஒலிபெருக்கியை அன்று ஒரு பொழுது அணைத்து வைக்கட்டும். திருவில்லிபுத்தூர்த் திரட்டுப்பால் கடைக்காரர் எவரேனும் முந்திக்கொண்டால் இன்னும் நன்று.