வானத்திலிருந்து இறங்கிய டாக்டர்



என் வகுப்புப் பையன் ஒருவன் கைக்குட்டையின் நான்கு மூலைகளிலும் நூல் கட்டி, கீழே ஒரு ரப்பர் கொட்டையைத் தொங்கவிட்டு, பள்ளிக்கூடத்து மாடிப்படியிலிருந்து போட்டான். அது ஆடி ஆடி இறங்கியது. "சார், நம்ம ஆளுங்க யாராச்சும் இப்படிக் குதிச்சிருக்காங்களா?" என்று கேட்டான். குதித்திருக்கிறார்கள். அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

பாரசூட் படை என்றதும் புத்தகங்கள் முதலில் சொல்வது ஜெர்மானியர்களைத்தான். அவர்களுடைய தளபதி கர்ட் ஸ்டூடன்ட். முதல் உலகப் போரில் விமானியாக இருந்தவர். 1940 மே மாதம் ராட்டர்டாம் நகரில் தலையில் குண்டு பாய்ந்து, அறுவைச் சிகிச்சையால் உயிர் பிழைத்தார். அடுத்த ஆண்டு, 1941 மே 20-ஆம் நாள், கிரேக்க நாட்டைச் சேர்ந்த கிரீட் தீவின்மேல் அவருடைய படை ஆயிரக்கணக்கில் வந்து குதித்தது. தீவு விழுந்தது. ஆனால் குதித்தவர்களில் செத்தவர்கள் அத்தனை பேர்; அதற்குப் பிறகு அவ்வளவு பெரிய வான்வழித் தாக்குதலுக்கு ஹிட்லர் இணங்கவே இல்லை. தீவைப் பிடித்த பின்பு, எதிர்த்து நின்ற கிராமத்தாரைப் பழிவாங்க உத்தரவிட்டார் ஸ்டூடன்ட். ஜூன் 2-ஆம் நாள் கொண்டோமாரி என்ற சிற்றூரின் ஆண்களை ஒலிவ மரத் தோப்பில் நிறுத்திச் சுட்டார்கள். தளபதியின் திறமையைப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்தத் தோப்பை ஒரே வரியில் தாண்டிப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதே 1941-ஆம் ஆண்டு அக்டோபரில் டில்லியில் ஐம்பதாவது இந்தியப் பாரசூட் பிரிகேட் உருவாயிற்று. அதில் 152-ஆவது பட்டாளத்தின் டாக்டர் லெப்டினன்ட் ரங்கராஜ். முழுப் பெயரிலேயே ஊர் இருக்கிறது: ஆர்க்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். அவரும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும்தான் இந்தியப் படையில் முதன்முதலாகப் பாரசூட்டில் குதித்த இந்தியர்கள்.

டாக்டர் எதற்குக் குதிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நம் தோட்டத்தில் ஒருவருக்குக் கத்தி பட்டால் டிரசரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். எதிரியின் முதுகுப்புறத்தில் போய் இறங்கிய சிப்பாய்க்கு அடிபட்டால் யாரிடம் ஓடுவது? சுற்றிலும் எதிரி. வண்டி வராது, சாலை கிடையாது. ஆகவே டாக்டரும் மருந்தும் கத்தியும் கத்தரிக்கோலும் அவனோடு சேர்ந்தே விழ வேண்டும்.

அந்த டிசம்பரில்தான் ஜப்பானியர் நம் நாட்டுக்கு வந்தார்கள். டிசம்பர் 11-ஆம் நாள் பினாங்கு நகரத்தின்மேல் குண்டு போட்டார்கள். ஆனால் மலாயாவின் சாலைகளில் அவர்கள் வேகமாக இறங்கி வந்தது பாரசூட்டில் அல்ல, சைக்கிளில்!

ரங்கராஜின் பெரிய சோதனை கொரியாவில் வந்தது. 1950 ஜூனில் அங்கே போர் மூண்டது. சண்டைக்கு ஆள் அனுப்புவதில்லை, மருத்துவப் பிரிவை மட்டும் அனுப்புவது என்று இந்திய அரசாங்கம் முடிவு செய்தது. அறுபதாவது பாரசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் அந்த நவம்பரில் பூசான் துறைமுகத்தில் இறங்கியது. ஆம்புலன்ஸ் என்றதும் சங்கு ஊதிக்கொண்டு ஓடும் வெள்ளை வண்டியை நினைத்துவிடாதீர்கள். இது டாக்டர்களும் சிப்பாய்களுமாக முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் கொண்ட நடமாடும் ஆஸ்பத்திரி. அதற்குத் தலைவர், அப்போது லெப்டினன்ட் கர்னலாகியிருந்த ரங்கராஜ்.

அவர்கள் வடக்கே பியோங்யாங் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்த டிசம்பர் தொடக்கத்தில், சீனப் படை பெருவெள்ளமாக வந்தது. ஐக்கிய நாடுகளின் படைகள் பின்வாங்கின. சாமான்களைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டிய நிலை. அறுவைச் சிகிச்சைக் கருவிகளை விட்டுவிட்டு வந்தால் அவர்கள் டாக்டர்களாக இருந்து என்ன பயன்? ரயில் நிலையத்தில் ஒரு பழைய நீராவி எஞ்சினும் சில பெட்டிகளும் கிடந்தன. எஞ்சின் ஓட்டத் தெரிந்த ஆட்கள் அந்தப் பிரிவிலேயே இருந்தார்கள். கொதிகலனுக்குத் தண்ணீர் வேண்டுமே! வரிசையாக நின்று கைக்குக் கை வாளி மாற்றி நிரப்பினார்கள். அந்தக் கடுங்குளிரில், வாளியைப் பிடித்த விரல் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நெருப்பு மூட்டி, சாமான் ஒன்றும் குறையாமல் ஏற்றி, ஆற்றுப் பாலத்தைக் கடந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

1951 மார்ச் 23-ஆம் நாள், சியோலுக்கு வடக்கே முன்சான் என்ற இடத்தில் அமெரிக்காவின் 187-ஆவது வான்வழிப் படை குதித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள். அவர்களோடு ரங்கராஜும் அவருடைய ஆட்களுமாகப் பன்னிரண்டு பேர். முதுகுப் பையிலிருந்து நீண்ட நாடா ஒன்று விமானத்துக்குள் கம்பியில் மாட்டியிருக்கும். கதவைத் தாண்டியதும் அந்த நாடாவே குடையை இழுத்து விரித்துவிடும். விரியாவிட்டால் என்ன என்று யோசிக்கக்கூட நேரமில்லை. மற்றவர்கள் தரையைத் தொட்டதும் துப்பாக்கியைத் தேடினார்கள். இவர்கள் காயம்பட்டவனைத் தேடினார்கள். இந்திய அரசாங்கம் ரங்கராஜுக்கு மகாவீர் சக்கர விருது அளித்தது. அவருடைய பிரிவு 1954 தொடக்கம் வரை, மூன்று ஆண்டுகளுக்கு மேல், கொரியாவிலேயே இருந்து பணி செய்தது.

பட்டாளத்து வேலை முடிந்தது. அதோடு மனிதர் ஓயவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஆப்கானிஸ்தானுக்குப் போய்ப் பெரியம்மை ஒழிப்பு வேலைக்குத் தலைமை தாங்கினார். அங்கே இன்னொரு விதமான போர். மலை கிராமங்களுக்கு நடந்தும் குதிரையிலும் போக வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் பெண்களுக்கு ஊசி போட வேண்டும். அம்மைக் கொப்புளத்துச் சீழை எடுத்து நல்ல உடம்பில் கீறிவிடும் பழைய வைத்தியர்கள் ஊர் ஊராகத் திரிந்தார்கள். அதனால் சிலர் தப்பினாலும், நோய் புதிதாகப் பரவியது. அவர்களை அடித்து விரட்டினால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். பேசித்தான் ஆக வேண்டும். பேசினார்கள். 1970-களின் தொடக்கத்தில் ஆப்கானிஸ்தானில் பெரியம்மை தொடர்ந்து பரவுவது நின்றது. 1980-இல் உலகம் முழுவதிலுமே அது ஒழிந்தது என்று அறிவித்தார்கள். ரங்கராஜ் 2009-இல் காலமானார்.

என் பாட்டி லயத்தில் பிறந்தவர். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. சிறு பிள்ளையாக இருந்தபோது வாசலில் வேப்பிலை கட்டி, பாயில் கிடத்தி, பிழைக்கமாட்டாள் என்று கைவிட்டார்களாம். அவரோடு படுத்த தம்பி எழவில்லை. இதைச் சொன்னதும், கைக்குட்டை கட்டிய அந்தப் பையன் கேட்டான்: "தழும்புன்னா எப்படி சார் இருக்கும்?" அவன் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததே இல்லை.