கூலியும் பேரும்

பேராசிரியர்களே, ஆய்வாளர்களே, விடியற்காலை பஸ் பிடித்துத் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் மாணவர்களே!

மலையகத் தமிழ்ச் சொற்களை ஆராயக் கண்டியில் கூடியிருக்கிறோம். ஆங்கில அகராதியில் நம்மவர்மேல் ஒட்டப்பட்ட ஒரு சொல்லிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். அது ‘கூலி’.

அதன் பிறப்புப் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. 1886இல் வெளியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் யூலும் பர்னலும் குஜராத்தின் கோலி இனத்தாரைக் காட்டினார்கள். தமிழ்க் கூலியையும் கணக்கில் எடுத்தார்கள். அடிமையைக் குறிக்கும் துருக்கியச் சொல்லான ‘குல்’லைச் சுட்டுவோரும் உண்டு. சீனர்கள் அந்த ஒலிக்குக் கசப்பு, வலு எனப் பொருள்படும் இரண்டு எழுத்துகளைப் பொருத்தினார்கள். ஒலிபெயர்ப்பு இவ்வளவு உண்மை பேசுவது அபூர்வம்!

தமிழே மூலம் என்று முழங்க எனக்கு அவசரமில்லை. குறளில் கூலி என்பது உழைப்பு தரும் பலன். இன்றும் கூலி கேட்கிறோம், கூலி வாங்குகிறோம். உழைப்பவரைச் சொல்ல ‘ஆள்’ சேர்த்துக் கூலியாள் என்கிறோம். சொல் தமிழிலிருந்து போயிருந்தால், ஆங்கிலத்தில் அந்த ஆள் உதிர்ந்துபோனார். சம்பளத்தின் பெயரே மனிதருக்கு வந்தது. பிறகு ரயில் நிலையங்களில் நாமே சுமை தூக்குபவரைக் ‘கூலி’ என்று கூப்பிட்டோம். தென்னாபிரிக்காவில் அது வசை. மொரீசியஸ் கவிஞர் கால் தொராபுலியோ அந்த வசையிலிருந்தே ‘கூலித்துவம்’ என்ற கருத்தை வளர்த்தார்.

இந்த மலைகளுக்கு வருவோம். 1820களில் கம்பளையிலும் பேராதனையிலும் கோப்பி. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லரின் 19 ஏக்கர் தேயிலை. கண்டிச் சீமைக்கு மன்னார் வழியே நடந்து வந்தவர்களை, மொரீசியஸுக்கும் நேத்தாலுக்கும் கப்பலேறியவர்களோடு சேர்த்து ‘ஒப்பந்தக் கூலிகள்’ என்று எழுதிவிடுகிறோம். இங்கே ஆட்களைக் கட்டிப்போட்டது பெரும்பாலும் கங்காணியிடம் பட்ட கடன். அந்தக் கடன் தொகை எழுதிய ‘துண்டு’, 1921இல் ஒழிக்கப்படும்வரை, ஆளோடு தோட்டம் மாறிப் போனது. இந்த வேறுபாட்டை அகராதி சொல்லாது.

1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஒரு வரைவிலக்கணம் தந்தது. தோட்டப் பதிவேட்டில் பேர் இருப்பவரே அதன்படி தொழிலாளி. ‘இந்தியக் கூலிகள்’ என்ற வழக்குச் சொல்லும் அதிலேயே இடம்பெற்றது. பதிவேட்டுக்கும் பேருக்கும் உள்ள இந்த உறவைக் கொஞ்சம் கவனியுங்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து மலைக்குப் போகும் பெண், குறித்த அளவு கொழுந்து எடுத்தால் ‘முழுப்பேர்’. நிறுவை குறைந்தால் ‘அரைப்பேர்’. அரைநாள் சம்பளத்துக்கு நம் தாய்மார் வழங்கும் சொல் அது. ஆங்கிலத்தில் சம்பளம் மனிதப் பேரானது என்றேன். தோட்டத்தில் மனிதப் பேரே சம்பளமாகிவிட்டது. முதலாவதை ஆராய நூலகம் நிறைய நூல்கள் உண்டு. இரண்டாவது இன்னும் லயத்து வாசலில்தான் கிடக்கிறது.

மு. நித்தியானந்தன் தம் ‘கூலித்தமிழ்’ நூலில், துரைமார் வேலை வாங்கப் படித்த தமிழை ஆராய்ந்து ஒரு வாசலைத் திறந்துவைத்தார். மறுபக்கத்தில், வேலை செய்தவர்கள் ஆங்கிலத்தை உடைத்துத் தமக்காக்கிக்கொண்ட பிரட்டு, கொந்தரப்பு, செக்ரோல் போன்ற சொற்களுக்கு ஆண்டும் இடமும் குறித்த சொற்களஞ்சியம் வேண்டும். ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளைமாரிடமும் கொழுந்தெடுத்த அம்மாமாரிடமும் ஒலிப்பதிவுக் கருவியோடு போகவிருக்கும் மாணவர்களுக்காகப் பிற்பகல் அமர்வு முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம். எந்தத் தோட்டத்துக்கு யார் போவது என்று அங்கே முடிவு செய்வோம்.