பழைய காரை மாற்றுவதா?



ஒஸ்ரின் சோமசெற் என்னும் மோட்டார்க் கார் 1952ஆம் ஆண்டு தொடக்கம் 1954ஆம் ஆண்டு வரையே இங்கிலாந்தில் உற்பத்தி செய்யப்பட்டது. ஆயினும், யாழ்ப்பாணக் குடாநாட்டு வீடுகள் சிலவற்றில் அத்தகைய பழங் கார்கள் இன்றும் பேணப்பட்டு வருகின்றன. அப்படியொரு காரை வைத்திருக்கும் வீட்டிலே தந்தைக்கும் மகனுக்கும் இடையில் ஒரு வழக்கு எழுகின்றது. காரை விற்றுப் புதியது வாங்கவேண்டும் என்பது மகன் கட்சி. வேண்டாம் என்பது தந்தை கட்சி.

தந்தையின் கட்சி வெறும் பிடிவாதமன்று. 1990ஆம் ஆண்டின் பின்னர் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, இக்கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலின், சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அழுத்தம் குறைந்த பழைய இயந்திரமாதலால் அதனைத் தாங்கியது. நோயாளரையும் கருவுற்ற தாய்மாரையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்ற வண்டியை இரும்பு விலைக்குக் கொடுக்க அவர் மனம் ஒப்பவில்லை.

மகனின் கட்சியிலும் நியாயம் உண்டு. எரியாத மண்ணெண்ணெய் இயந்திர எண்ணெயுடன் கலந்து அதன் பிசுபிசுப்பைக் குறைக்கும், தேய்மானம் பெருகும். அக்காரில் ஆசனப் பட்டி இல்லை. அதன் தடுப்புக்கள் இன்றைய வேகத்திற்கு அமைக்கப்பட்டவையுமல்ல. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்திலுள்ள கொழும்புக்குக் குழந்தையை அதில் ஏற்றிச் செல்லலாமா என்று அவன் கேட்கின்றான்.

ஆனால், புதிய காரும் எளிதிற் கிட்டுவதன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைக்காலத்தில், முன்னரே நாட்டிலிருந்த கார்களின் விலை ஏறியது. இறக்குமதி செய்யும் காருக்கோ வரிமேல் வரி சேர்கின்றது. காணியை ஈடுவைத்துக் கார் வாங்கினால், காரின் பெறுமதி ஆண்டுதோறும் குறையும், வட்டி குறையாது.

இவ்வழக்கைத் தீர்ப்பதற்கு மூன்று கேள்விகள் போதும். அடிச்சட்டம் துருப்பிடித்து உக்கிவிட்டதா? ஓராண்டுத் திருத்தச் செலவு எவ்வளவு? நெடும்பயணம் எத்தனை முறை நேர்கின்றது? சட்டம் உக்கியிருப்பின் வேறு விசாரணை வேண்டியதில்லை. அவ்வண்டியில் எவரையும் ஏற்றலாகாது. சட்டம் உறுதியாயிருந்து, சந்தைக்கும் கோயிலுக்கும் மாத்திரமே வண்டி ஓடுமாயின், தடுப்புக்களைச் செப்பனிட்டு வைத்துக்கொள்ளலாம். ஆண்டில் இரண்டொரு முறை கொழும்பு செல்லப் புகையிரதம் இருக்கின்றது. நெடும்பயணம் அடிக்கடி நேருமாயின் மகன் சொல்வதே சரி. கடன்படாது வாங்கத்தக்க சிறிய கார் போதும்.

முன்னர் செய்த உதவிக்காகத் தந்தை அக்காருக்கு நன்றி பாராட்டுவது தக்கதே. எனினும், அந்நன்றிக்காகப் பேரப்பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்க அவரும் இசையமாட்டார். இருவரும் முதலில் ஒரு நல்ல திருத்துநரை அழைத்து, வண்டியின் அடிப்பாகத்தைப் பார்க்கச் செய்வார்களாக. வழக்கின் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.