வலையமைப்பின் உறுதியை எந்த அளவு நம்பலாம்?

செறிவுமிக்க காந்தப் பதிவில் சமிக்ஞையைக் கண்டறிய நரம்பு வலையமைப்புகளைப் பயன்படுத்துவது பற்றிய இந்தக் கருத்தரங்குக்குத் நான் தலைமையேற்கிறேன்.

வன்தட்டில் ஒரு கோப்பைத் திறந்தால் நம் கைக்கு வருபவை ஒன்றுகளும் சுழியங்களும். வட்டின் மேல் பறக்கும் வாசிப்பு முனைக்குக் கிடைப்பதோ நெளிந்து ஓடும் ஒரு மின்னழுத்த அலை மட்டுமே. அந்த அலையிலிருந்து எழுதப்பட்ட பிட்டுகளை மீட்பதுதான் நம் வேலை. 1956இல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் வட்டுச் சேமிப்பகத்தில் ஒரு சதுர அங்குலத்தில் சுமார் 2,000 பிட்டுகள் இருந்தன. இன்று ஒரு டெராபிட்டைத் தாண்டிவிட்டோம். ஒரு டெராபிட் என்றால் ஒரு பிட்டின் பங்குக்கு வரும் இடம் 645 சதுர நானோமீட்டர். எட்டு நானோமீட்டர் அளவுள்ள காந்தத் துகள்களில் ஏறக்குறைய பத்துதான் அதற்குள் அடங்கும்.

துகளைச் சிறிதாக்கினால் சாதாரண அறை வெப்பமே அதன் காந்தத் திசையைப் புரட்டிவிடும். புரளாத கடினமான பொருளைத் தேர்ந்தால் அதில் எழுத முனையின் காந்தப்புலம் போதாது. லேசரால் சூடாக்கி எழுதும் முறை இந்த முடிச்சை அவிழ்க்க வந்ததுதான். ஆனாலும் துகள்களின் ஒழுங்கின்மை அப்படியே இருக்கிறது. காந்தத் திசை மாறும் எல்லைக்கோடு நேராக ஓடாமல் துகள்களின் விளிம்பையொட்டி வளைந்து வளைந்து செல்கிறது. ஆகவே இங்கே இரைச்சல் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. எழுதிய தரவிலேயே பிறக்கிறது. திசை மாற்றங்கள் நெருங்கிய வடிவங்களில் மிகுதி, மாற்றமே இல்லாத இடத்தில் குறைவு. நம் துறையின் கடினம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அலையின் உச்சிகளைத் தேடிப் பிடிப்பதே போதுமானதாக இருந்தது. பிட்டுகள் நெருங்க நெருங்க உச்சிகள் ஒன்றோடொன்று கலந்தன. இந்தக் கலப்பை அழிக்க முயல வேண்டாம், நமக்குத் தெரிந்த ஒரு வடிவத்துக்குள் அதைக் கொண்டுவந்து பின்னர் கணக்கிட்டுப் பிரிக்கலாம் என்று 1970இல் காட்டியவர்கள் ஐபிஎம்மின் ஹிசாஷி கோபயாஷியும் டாங்கும். மிகப் பொருந்தும் பிட்டுத் தொடரைத் தேட 1967இல் விட்டர்பி தந்த வழிமுறை அதற்குத் துணை நின்றது. வன்தட்டுப் பொருளாக அது சந்தைக்கு வர 1990 ஆயிற்று. பிறகு ஐபிஎம்மின் சூரிக் ஆய்வகத்தில் எலெப்தெரியூ குழுவினர் இரைச்சலையே முன்கணிக்கும் வழியைச் சேர்த்தார்கள். அந்த இரைச்சல் தரவைச் சார்ந்து மாறுவதையும் விட்டர்பி கணக்குக்குள் கொண்டுவந்தவர்கள் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் கவ்சிச்சும் ஜோசே மௌராவும். இந்த ஒரு கருத்தின் காப்புரிமைக்காக மார்வெல் நிறுவனத்தின் மீது அந்தப் பல்கலைக்கழகம் தொடுத்த வழக்கில் 2012இல் நடுவர் குழு 117 கோடி டாலர் தரச் சொன்னது. 2016இல் 75 கோடி டாலருக்கு வழக்கு முடிந்தது. இரைச்சலைச் சரியாகப் புரிந்துகொள்வதற்குத் தொழில்துறையில் என்ன மதிப்பு என்று கேட்கும் மாணவர்களுக்கு இதைவிட நேரான விடை என்னிடம் இல்லை.

இவ்வளவு நல்ல முறைகள் கையில் இருக்கும்போது நரம்பு வலையமைப்பு எதற்கு? நிலைகளின், அதாவது விட்டர்பி வழிமுறை ஒப்பிட வேண்டிய முந்தைய பிட்டுச் சேர்க்கைகளின், எண்ணிக்கைதான் காரணம். ஒரு தடத்தில் நான்கு பிட்டுகளின் நினைவு இருந்தால் விட்டர்பிக்கு 16 நிலைகள் போதும். தடங்கள் நெருங்கி, பக்கத்துத் தடங்களின் சமிக்ஞையும் கலக்கும் இரு பரிமாணப் பதிவில் மூன்று தடங்களைச் சேர்த்துக் கண்டறிய முற்பட்டால் அதே நினைவுக்கு 4,096 நிலைகள். வாசிப்பு முனையின் நேரியலற்ற நடத்தையையும் சேர்த்தால் சூத்திரமாக எழுதவே இயலாத இடத்துக்கு வந்துவிடுகிறோம். 1990களிலேயே நாயரும் ஜேகியுன் மூனும் காந்தச் சேமிப்பில் நரம்பு வலையமைப்பை, அலையின் கலப்பைச் சீராக்கும் சமனாக்கியாக ஆராய்ந்தார்கள். அண்மை ஆண்டுகளில் கார்னகி மெல்லனிலும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் ஆழ்வலையமைப்புகளோடு அந்தப் பணி புத்துயிர் பெற்றிருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் இரு பரிமாணப் பதிவுக்கான கண்டறி முறைகள் ஆராயப்படுகின்றன.

வாஷிங்டன் மாநிலக் குழுவின் அணுகுமுறைகளில் ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. பிட்டுகளின் கலப்பைப் பழைய நிலை வரைபடக் கணக்கே பார்த்துக்கொள்கிறது. துகள்களால் வரும் இரைச்சலை வலையமைப்பு மதிப்பிடுகிறது. இரண்டும் தத்தம் முடிவுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. தெளிவாகத் தெரிந்த இயற்பியலை வலையமைப்பு மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை. தெரியாத பகுதியை மட்டும் அதனிடம் ஒப்படைப்பதே சரியான வேலைப் பிரிவினை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி என் கவலைகள். சோதனைக்காகப் பெரும்பாலும் போலித் தற்செயல் பிட்டுத் தொடர்களைப் பயன்படுத்துகிறோம். முந்தைய சில பிட்டுகளைக் கூட்டி அடுத்த பிட்டைத் தரும் எளிய விதியால் பிறப்பவை அவை. வலையமைப்பு ஒரே நேரத்தில் பார்க்கும் சாளரம் போதிய அகலமாக இருந்தால் அது அலையைப் படிப்பதை விட்டுவிட்டு அந்த விதியையே கற்றுக்கொள்கிறது. பிழை விகிதம் அற்புதமாக இறங்கும். பயனாளரின் கோப்பு வந்ததும் அந்த ஆதாயம் மறைந்துவிடும். ஒளியிழைத் தகவல்தொடர்பு ஆய்வாளர்கள் 2017இலேயே இதை எடுத்துக்காட்டி எச்சரித்தார்கள். நமக்கும் அந்த எச்சரிக்கை அப்படியே பொருந்தும்.

இதைவிடப் பெரிய கவலை வலையமைப்பின் தன்னம்பிக்கை பற்றியது. இன்றைய வட்டில் கண்டறிவியின் வேலை ஒன்றா சுழியமா என்று சொல்வதோடு முடிவதில்லை. எவ்வளவு உறுதியாகச் சொல்கிறது என்பதையும் பிழைதிருத்தும் பகுதிக்குத் தர வேண்டும். அந்தப் பகுதி இந்த உறுதிகளை எடைபோட்டுத்தான் 4,096 பைட்டுகள் கொண்ட ஒரு துண்டை மீட்கிறது. கண்டறிவி 0.9 என்று சொன்ன இடங்களில் பத்தில் ஒன்பது மெய்யாகவே சரியாக இருக்க வேண்டும். அளவுக்கு மீறிப் பயின்ற வலையமைப்போ தவறான பிட்டுக்கும் 0.999 என்று சொல்லிவிடுகிறது. ஐயத்தோடு வந்த தவறை அண்டைப் பிட்டுகளின் உதவியால் திருத்தலாம்; உறுதியோடு வந்த தவறு அண்டைப் பிட்டுகளையும் தவறாக்குகிறது. பிழை விகிதத்தில் வென்ற ஒரு வலையமைப்பு துண்டு மீட்பில் தோற்பதற்கு இது போதும். பெருநிறுவனங்களுக்கான வட்டுகளில் வழக்கமான வரையறை, 125 டெராபைட் படித்தால் மீட்க முடியாத பிழை ஒன்றுக்கு மேல் கூடாது என்பது. சில லட்சம் பிட்டுகளில் எடுத்த பிழை விகித வரைபடம் இதற்குச் சான்றாகாது.

பயிற்சியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு முனையும் வேறு, வெப்பநிலை மாறும், வட்டின் உள்தடமும் வெளித்தடமும் ஒன்றல்ல. ஆகவே வட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கற்க வேண்டும். சரியாக மீண்ட ஒவ்வொரு துண்டும் விடையோடு கூடிய பாடமாகிறது என்பது நல்ல வாய்ப்பு. ஆனால் மீளாத துண்டுகளில்தான் கற்க வேண்டியது அதிகம், அவற்றுக்கோ விடை கிடைப்பதில்லை. இதற்கு யாரேனும் இங்கே வழி கண்டிருந்தால் முதல் ஆளாக அமர்ந்து கேட்பேன்.

கணக்கீட்டுச் செலவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நொடிக்கு இரண்டு கிகாபிட் வேகத்தில், ஒரு பிட்டுக்கு ஆயிரம் பெருக்கல் என்றாலே நொடிக்கு இரண்டு லட்சம் கோடிப் பெருக்கல்கள் ஆகின்றன. எனவே ஒவ்வொரு கட்டுரையிலும் பிட்டுக்கு எத்தனை பெருக்கல் என்ற எண் இருக்க வேண்டும்.

கட்டுரை படிக்க வந்திருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது: உங்கள் வலையமைப்பை வெறும் விட்டர்பியோடு ஒப்பிடாதீர்கள், தரவைச் சார்ந்த இரைச்சலை முன்கணிக்கும் கண்டறிவியோடு ஒப்பிடுங்கள். பயிற்சியில் இல்லாத ஒரு முனையின் அலையில் சோதியுங்கள். பிழைதிருத்தத்துக்குப் பின் எத்தனை துண்டுகள் மீளவில்லை என்பதைச் சொல்லுங்கள். தொழில்துறை நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பல்கலைக்கழகங்கள் கணினிப் பாவனை அலைகளை நம்பியிருப்பதற்குக் காரணம் மெய்யான அலைகள் அரிதாகவே வெளியே கிடைப்பதுதான். சந்தையிலிருந்து விலகிய தலைமுறை வட்டுகளின் வாசிப்பு அலைகளையாவது, எழுதிய தரவோடு சேர்த்து, ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுங்கள். அவற்றால் உங்கள் வணிகத்துக்கு இழப்பு நேராது. எங்கள் மாணவர்களின் முடிவுகளுக்கு நம்பகம் கூடும். அதற்கான பேச்சை இந்தக் கருத்தரங்கு முடிவதற்குள் தொடங்குமாறு கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.